பயணம் போகாத பானம்

இத்தாலியத் திராட்சைத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் போக ஆசைப்பட்ட ஒரு தம்பதி, ஸ்ரீ சிட்டியிலிருந்து புறப்பட்டு இரண்டு நாளில் கண்டதும் குடித்ததும்

ஸ்ரீ சிட்டியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், ஒரு காந்த வில்லையின் கீழ், வண்ணப் படம் ஒன்று ஆறு மாத காலமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறது. பச்சை அலைகளைப்போல் ஏறி இறங்கும் குன்றுகள், அவற்றின்மேல் சீப்பால் வாரிவிட்டாற்போல் வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடிகள், நடுவே வெண்புழுதிப் பாதை, அந்தப் பாதையில் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு கண்ணாடிக் கிண்ணத்தில் செந்நிறத் திராட்சை மதுவை ஏந்தி நிற்கும் ஓர் ஆணும் பெண்ணும்: இத்தாலி தேசத்து டஸ்கனிப் பிரதேசத்தின் படம் அது. ஏதோ ஒரு பிரயாண விளம்பரத்திலிருந்து அதைக் கத்தரித்து ஒட்டியவள் என் மனைவி. ஒவ்வொரு தடவையும் பால் எடுக்கப் போகும்போது அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவன் நான்.

விமானக் கட்டணம், விசாக் கட்டணம், அங்கே இரண்டு நாள் வாடகைச் சைக்கிள், வழிகாட்டி, விடுதி என்று ஒரு நாள் இரவு காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கூட்டுத்தொகையின் அடியில் இரட்டைக் கோடு கிழித்தபின் சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவள்தான் மெல்லக் கேட்டாள்: "ஏங்க, சைக்கிள் நம்மகிட்ட ரெண்டு இருக்கு. சனி ஞாயிறு வாராவாரம் வருது. நாட்டுப்புறம் வாசல்லேயே இருக்கு. இத்தாலியில மட்டும் இருக்கிறது இதுல எது?"

"திராட்சை மது" என்றேன் நான், பெரிய தர்க்க சாஸ்திரி போல.

"நம்ம ஊர்ல மரத்துலயே பானை கட்டியிருக்கே" என்றாள் அவள். அதற்குமேல் வாதம் செய்ய எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. தை மாதக் கடைசியில் ஒரு வார முடிவைக் குறித்துக்கொண்டோம்.

பத்து மைலுக்குள் பல தேசங்கள்

எங்கள் ஊரைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். சென்னையிலிருந்து வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டர் தூரத்தில், கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி, தமிழகத்தின் எல்லைக் கோட்டைத் தொட்டும் தொடாமலும் ஆந்திரப் பக்கத்தில் அமைந்திருப்பது ஸ்ரீ சிட்டி. 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தத் தொழில் நகரத்தில், அதற்கு முன்பு மானாவாரிப் புஞ்சையும் புதர்க்காடும் ஏரிகளுமாகக் கிடந்த நிலத்தில், இன்று சாக்லெட்டும் பற்பசையும் சரக்கு வண்டிகளும் கைத்தொலைபேசிகளும் உற்பத்தியாகின்றன. சென்னை நகரத்து மெட்ரோ ரயில் பெட்டிகளோடு, கடல் கடந்து சிட்னி நகரத்துக்குப் போய் ஓடுகின்ற பெட்டிகளும் இங்கே உருவானவைதாம். காலை ஷிப்டுக்கு வரும் பேருந்துகளிலிருந்து இறங்கும் பெண்களின் தலையில் சத்தியவேட்டு மல்லிகையும், அவர்களுடைய பேச்சில் பாதி தமிழும் பாதி தெலுங்கும் மணக்கும்.

இந்த இரட்டைப் பேச்சுக்கு ஒரு சரித்திரம் உண்டு. மொழிவாரி ராஜ்யங்கள் பிரிந்தபின் எல்லைத் தகராறு தீர்க்கப்பட்டபோது, 1960 ஏப்ரல் முதல் தேதி, திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்கு ஈடாகப் போனவற்றுள் செங்கற்பட்டு ஜில்லாவிலிருந்து ஆந்திரத்துக்குச் சென்ற, எங்கள் ஊர் இருக்கும் சத்தியவேட்டு வட்டாரமும் ஒன்று. சித்தூர் மாவட்டத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த அது, 2022 ஏப்ரலில் புதிதாகப் பிறந்த திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. இங்கேயுள்ள முதியவர் ஒருவர், வீட்டை விட்டு ஓர் அடி நகராமலேயே, இரண்டு ராஜ்யங்களிலும் மூன்று மாவட்டங்களிலும் குடியிருந்தவராக இருக்கக்கூடும்.

இத்தாலியும் இங்கே வராமல் இல்லை. உருக்காலைகளுக்கான இயந்திரங்களைச் செய்கின்ற டேனியலி என்ற இத்தாலிய நிறுவனத்தின் தொழிற்சாலை ஸ்ரீ சிட்டியில் இருக்கிறது. அந்த நிறுவனத்தின் தலைமையகம் இருப்பது, வட இத்தாலியில் ஃப்ரியூலிப் பிரதேசத்துப் பூத்ரியோ என்னும் சிற்றூரில். அந்தச் சிற்றூரைச் சுற்றியுள்ள குன்றுகளோ பெயர்பெற்ற திராட்சைத் தோட்டங்கள். ஆகவே, எங்கள் ஊர்ப் பனங்காட்டுக்கும் அந்தத் திராட்சைக் குன்றுக்கும் இடையே, இரும்பு வழியாக ஓர் உறவு முறை ஏற்பட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

ஜாடியில் வந்த இத்தாலி

உண்மையில் இந்த உறவு இரும்பைவிடப் பழையது. 1945இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தபோது, கூர்மையான அடிப்பாகமும் இரண்டு பக்கமும் கைப்பிடியும் கொண்ட மத்தியதரைக் கடல் நாட்டு ஜாடிகளின் உடைந்த துண்டுகள் ஏராளமாகக் கிடைத்தன. இத்தாலியின் கம்பானியாப் பிரதேசத்திலிருந்தும் கிரேக்கத் தீவுகளிலிருந்தும் திராட்சை மதுவை நிரப்பிக்கொண்டு வந்தவை அந்த ஜாடிகள். யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஊற்றிக் கொடுக்க, அருந்தி இனிது வாழ்வாயாக என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்தும் செய்யுள் புறநானூற்றில் இருக்கிறது. இன்றைக்கு இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சோழமண்டலக் கரையில் இத்தாலிய மது இறங்கியிருக்கிறது என்றால், குளிர்சாதனப் பெட்டிக் கதவில் படம் ஒட்டிப் பெருமூச்சு விட்ட முதல் தமிழன் நான் அல்லன் என்று ஆறுதல் கொள்ளலாம்.

எங்கள் ஆசைக்கு எதிர்த்திசையில் வந்த ஒருவரையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. டஸ்கனியில் மோந்தெபுல்சியானோ என்று ஓர் ஊர்; 'உயர்குடி மது' என்ற பொருள்படும் பெயரோடு உலகமெங்கும் விலைபோகும் திராட்சை மது அந்த ஊருடையது. அந்த ஊரைப் பூர்விகமாகக் கொண்ட பிரபு வம்சத்தில் 1577இல் பிறந்தவர் ராபர்ட் டி நொபிலி. 1606இல் மதுரைக்கு வந்து, காவி உடுத்து, தத்துவ போதகர் என்ற பெயரோடு, புலாலையும் மதுவையும் ஒதுக்கி, சோறும் கீரையும் உண்டு வாழ்ந்து, 1656இல் மயிலாப்பூரில் மறைந்தார். அவர் விட்டுவந்த பானத்தைத் தேடி நாம் விமானம் ஏறுகிறோம். காலம் செய்கிற வேடிக்கைகளில் இதுவும் ஒன்று.

ஏரியும் பனையும்

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே புறப்பட்டோம். அவளுடையது கியர் வைத்த புதுச் சைக்கிள்; என்னுடையது, அம்பத்தூரில் பிறந்த பழைய ஹெர்குலிஸ். 1949இல் தொடங்கிய அந்தக் கம்பெனி நாட்டுக்கு அளித்த எத்தனையோ லட்சம் கறுப்பு வண்டிகளில் ஒன்றான அது, ஏறும்போது ஒருமுறையும் இறங்கும்போது ஒருமுறையும் முனகும், மற்றபடி குணசாலி. சைக்கிள் விஷயத்தில் என் மனைவிக்கு ஒரு குலப்பெருமை உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிள் விடவும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தபோது, பல்லாயிரக்கணக்கான பெண்களோடு பெண்களாகப் பாவாடையைச் சொருகிக்கொண்டு பழகியவள் அவளுடைய தாயார். ஆகவே மேட்டில் நான் இறங்கித் தள்ளும்போதெல்லாம் அவள் திரும்பிப் பார்த்துச் சிரிப்பதைப் பரம்பரை உரிமை என்றே ஏற்றுக்கொண்டேன்.

தேசிய நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் இராத் தூக்கம் கலையாமல் உறுமிக்கொண்டு போகும் நேரம் அது. அதை மட்டும் சைக்கிளை உருட்டிக்கொண்டே கடந்து, தடாவைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் உலகம் வேறாகிவிட்டது. உப்பும் சேறும் கலந்த வாசனை, இரண்டு பக்கமும் பனை, தூரத்தில் வெள்ளித் தகடு போல் பழவேற்காட்டு ஏரி. வங்கக் கடலுக்கும் நிலத்துக்கும் நடுவே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் இந்த உவர்நீர்ப் பரப்பு, இந்தியாவில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது. இதில் மிகப்பெரும் பங்கு ஆந்திரத்தையும் சிறு பங்கு தமிழகத்தையும் சேர்ந்தது. தென்கோடியில், தமிழகத்துப் பழவேற்காட்டில், 1613இல் டச்சுக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். கிழக்கே நீருக்கு அப்பால் தெரியும் மணல் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. 1971 அக்டோபரில் முதல் சிறிய ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. 2023 ஜூலையில் சந்திரயான் 3 கிளம்பியதும் அங்கிருந்துதான்.

பீமுனிவாரிபாளையத்துக் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தோம். முழங்கால் ஆழத் தண்ணீரில், நூறோ இருநூறோ எண்ண முடியாமல், பூநாரைகள். நெடிய கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேல் அலகு கீழேயும் கீழ் அலகு மேலேயுமாகச் சேற்று நீரை உறிஞ்சி, அதிலுள்ள நுண்ணிய பாசியையும் சிற்றிறாலையும் வடிகட்டிக்கொண்டு நீரைத் துப்பிவிடும் அந்தத் தொழில் நிமிஷத்துக்கு நிமிஷம் இடைவிடாமல் நடக்கிறது. பிறக்கும்போது சாம்பல் நிறமாயிருக்கும் குஞ்சு, இந்த ஆகாரத்திலுள்ள நிறப்பொருள் உடம்பில் ஊறி ஊறித்தான் இளஞ்சிவப்பாகிறது. இத்தாலி நாட்டைச் சுற்றி 1909 முதல் நடந்துவரும் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்தில் முன்னணியில் இருப்பவருக்கு இளஞ்சிவப்புச் சட்டை அணிவிப்பது வழக்கம். பந்தயத்தைத் தொடங்கிய விளையாட்டுப் பத்திரிகை இளஞ்சிவப்புக் காகிதத்தில் அச்சாவதே அதற்குக் காரணம். அங்கே பத்திரிகையிலிருந்து வந்த நிறம் இங்கே சேற்றிலிருந்து வருகிறது. ஒரு மனிதன் வலையை உதறினான். அவ்வளவு பறவைகளும் ஒரே மூச்சில் எழும்பின. இறக்கைக்கு அடியில் ஒளிந்திருந்த செம்மையும் கருமையும் ஆகாயத்தில் விரிந்தபோது, அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

திரும்பும் வழியில் பனங்காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். மரத்தின் உச்சியிலிருந்து ஒரு பெரியவர் இறங்கிக்கொண்டிருந்தார். கணுக்காலில் தளை, இடுப்பில் பாளை அரிவாள், முதுகுப்புறத்தில் குடுவை. மார்பின் தோல் மரத்தோடு உராய்ந்து உராய்ந்து மரப்பட்டையின் நிறத்தையே அடைந்திருந்தது. காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் மரம் ஏறி, பாளையின் நுனியில் காகிதத்தைவிட மெல்லிய ஒரு சீவல் சீவி, வடியும் சாற்றுக்குக் கலயம் கட்டவேண்டும். சீவல் தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒருவேளை சீவ மறந்தால் கண் அடைத்துப் பால் நின்றுபோகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் கிடைப்பது பதநீர். தடவாவிட்டால், காற்றிலும் பழைய கலயத்திலும் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று மரத்தின்மேலேயே வேலையைத் தொடங்கிவிட, இறக்கும்போதே அது கள். திராட்சைச் சாறு மதுவாவதும் இதே நுண்ணுயிர்களின் கைங்கரியந்தான். அங்கே பீப்பாயின் இருட்டில் மாதக்கணக்கில் நடப்பது இங்கே வெட்டவெளியில் ஓர் இரவுக்குள் முடிகிறது.

"ஈச்சங்கல்லு இல்ல சாமி, தாட்டிக் கல்லுதான் இருக்கு" என்றார் பெரியவர். பனங்கள்ளுக்கு இந்தப் பக்கத்துப் பெயர் அது. பச்சைப் பனையோலையைப் பட்டையாக மடித்து, இரண்டு முனையையும் ஒரு நாரால் கட்டி, எங்கள் கையில் கொடுத்தார். அவள் பதநீர் கேட்டாள், எனக்குக் கள். ஓலையின் பச்சை வாசனையும், மேலே மிதந்த வெண்ணுரையும், முதலில் இனிப்பாகத் தொடங்கி நாவின் ஓரத்தில் புளிப்பாக முடிந்து, பின்பு மூக்கில் மெல்லிய காரமாக ஏறிய அந்த ருசியும், எந்த மேல்நாட்டு ரஸிகனும் தன் குறிப்பேட்டில் பத்து வரி எழுதத் தக்கவை. ஒரு பட்டையோடு நிறுத்திக்கொண்டேன். சைக்கிள் எனக்கு முன்பே தள்ளாடும் சுபாவம் உள்ளது.

பக்கத்து வீட்டுக்காரருக்கு என்று ஒரு பாட்டிலில் ஊற்றித் தரச் சொன்னேன். பெரியவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது.

"தரேன். மூடிய இறுக்காதீங்க, பாட்டில் வெடிச்சிடும். ஆனா ஒண்ணு சாமி, மனுசன் காத்துக்கிட்டு இருப்பான், கல்லு இருக்காது. பொழுது ஏற ஏற அதுவும் ஏறிடும். இங்க வந்து குடிக்கிறதுதான் குடி."

காத்திருக்கும் மதுவும் காத்திராத மதுவும்

அவர் சொன்னதை மிதித்துக்கொண்டே யோசித்தேன். திராட்சை மதுவின் பெருமையெல்லாம் அது காத்திருக்கக்கூடியது என்பதில் இருக்கிறது. காத்திருக்கக்கூடியதால் பயணம் போகக்கூடியது. பயணம் போகக்கூடியதால், தான் பிறந்த மண்ணின் பெயரைக் கழுத்தில் எழுதிக் கட்டிக்கொண்டு உலகமெல்லாம் பரப்பக்கூடியது. 1716இலேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ, கியாந்தி முதலிய பெயர்களால் விற்கப்படும் மது எந்த எந்த எல்லைக்குள் விளைந்ததாக இருக்கவேண்டும் என்று சாஸனம் பிறப்பித்துவிட்டார். ஜாடியிலும் பீப்பாயிலும் புட்டியிலுமாக அந்தப் பெயர் போய்ச் சேர்ந்த இடமெல்லாம், குடித்தவனுக்கு அந்த ஊரைப் பார்க்கும் ஆசையும் உடன் சென்றது. கள்ளுக்கோ அந்தப் பாக்கியம் இல்லை. மறுநாள் அது காடி. எனவே அதற்குப் புட்டி இல்லை, முத்திரை இல்லை; தடாப் பனங்காட்டின் பெயரை ரோமாபுரியில் ஒருவரும் உச்சரித்ததில்லை. மது வெளியே வராத ஊருக்கு மனிதன்தான் போகவேண்டும்.

பயணம் போகாதது மட்டுமா? எல்லைக் கோட்டைக்கூட அது தாண்ட முடியாது. ஆந்திரத்தில் மரமேறும் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கள் இறக்குவது அனுமதிக்கப்பட்ட ஜீவனம். தமிழகத்தில் 1987 முதல் அது தடுக்கப்பட்ட செயல். பனை தமிழகத்தின் மாநில மரம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொண்டால், இரண்டு வயல் தள்ளி நிற்கும் இரண்டு மரங்களில் ஒன்றின் பாளை பிழைப்பாகவும் மற்றதன் பாளை குற்றமாகவும் இருக்கிற விசித்திரம் நன்கு விளங்கும்.

விஷம் உண்டவன் பள்ளிகொண்ட இடம்

ஞாயிற்றுக்கிழமை மேற்கே திரும்பினோம். சத்தியவேட்டைக் கடந்தபின் இரு மருங்கிலும் மாந்தோப்புகள். சித்தூர்ச் சீமையின் மாம்பழக் கூழ் உலகத்துக் குளிர்பானங்களிலெல்லாம் கலந்திருக்கிறது. அதற்குரிய கிளிமூக்கு மாமரங்கள் பூத்திருந்த நேரம் அது. திராட்சைத் தோட்டத்தைப்போல் கண்ணுக்குக் கோடு கிழித்த ஒழுங்கு இல்லை என்றாலும், தேனீக்களின் ரீங்காரத்தோடு வரும் அந்தப் பூவின் மயக்கும் வாசனையைப் படத்தில் அச்சிட்டு விற்க எவராலும் இயலாது.

சாலையோரத்துச் சீமைக் கருவேல முள் ஒன்று என் ஹெர்குலிஸின் பின்சக்கரத்தைப் பதம் பார்த்தது. அரை மைல் தள்ளிக்கொண்டு போனதில், புளிய மரத்தடியில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டியூபை உருவிக் காற்றடைத்து, தண்ணீர்த் தொட்டியில் கைப்பிடி கைப்பிடியாக முக்கிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் ஊசி முனை போல் குமிழிகள் கிளம்பின. அதைத் துடைத்து, அரத்தால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, வாயால் ஊதி உலர்த்தி, பழைய டியூபில் வெட்டிய ஒட்டைப் பதித்துச் சுத்தியால் இரண்டு தட்டுத் தட்டினார். அதற்குள் அவருடைய வீட்டம்மாள் எங்களைப் பக்கத்து வீட்டின் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டாள். இந்தப் பக்கத்தில் திண்ணைக்கு 'அருகு' என்று பெயர். தெருவில் போகிறவனை அருகே அழைக்கும் இடத்துக்கு அப்படி ஒரு பெயர் அமைந்தது தற்செயலாயிருக்கலாம். எனக்கு அது பொருத்தமாகவே பட்டது.

ஊத்துக்கோட்டை வழியாகத் தமிழகத்துக்குள் ஒரு கணம் தலையை நீட்டிவிட்டு மறுபடி ஆந்திரத்துக்குள் புகுந்தால், ஆரணியாற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. எங்களைப் போன்ற யாத்திரிகர்களுக்கு இதைவிடத் தகுந்த ஸ்தலம் வேறில்லை. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகாலத்தைக் குடித்த பரமசிவன், களைப்பு மேலிட்டு, அம்பிகையின் மடியில் தலைவைத்துப் படுத்துவிட்டான் என்பது ஸ்தல புராணம். பள்ளிகொள்வது பெருமாளுக்குரிய கோலம். சிவபெருமான் பள்ளிகொண்ட திருவுருவத்தைக் காண்பது இங்கேதான். கல்லால மரத்தடியில் தனியே மௌனம் காக்கும் தக்ஷிணாமூர்த்திகூட இந்தக் கோயிலில் தேவியோடு சேர்ந்து தம்பதி ஸமேதராகக் காட்சி தருகிறார். வெளியே வந்து ஆற்றங்கரை மரநிழலில் உட்கார்ந்தபோது, "குடிச்சது அவரு, கால் வலிக்க உக்காந்திருக்கிறது அம்மா" என்றாள் என் மனைவி. முதல் நாள் ஒரு பட்டைக் கள்ளுக்கே வீடு போய்ச் சேர்ந்ததும் மூன்று மணி நேரம் தூங்கியவன் என்ற முறையில், நான் மௌனம் சாதித்தேன்.

அங்கிருந்து நாகலாபுரம் சென்று வேதநாராயணப் பெருமாளைச் சேவித்தோம். மத்ஸ்யாவதாரக் கோலத்தில் எழுந்தருளியிருக்கும் இந்தப் பெருமாளுக்குக் கிருஷ்ணதேவராயர் தம் தாயாரின் பெயரால் ஊரும் கோயிலும் சமைத்தார் என்பார்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச் மாதத்தில் மூன்று நாள், மாலைச் சூரியனின் கதிர் நெடுந்தூரம் உள்ளே புகுந்து மூலவர் திருமேனியைப் படிப்படியாகத் தொடுகிறது. அதைச் சூரிய பூஜை என்று கொண்டாடுகிறார்கள். நாங்கள் போனது சில வாரம் முந்திவிட்டது.

ஒரு திண்ணை இருந்தால்

நாகலாபுரத்தில் பொழுது சாயத் தொடங்கியதும், எங்களுக்கு ஒரு யோசனை வந்தது: இரவை இங்கேயே கழித்துவிட்டு, மாந்தோப்பில் கண் விழித்தால் என்ன? விசாரித்துப் பார்த்ததில், எங்களுக்கு ஏற்ற இடம் அகப்படவில்லை. தொழிற்சாலைக்கு வரும் அதிகாரிகளுக்குத் தொழில் நகரத்தில் விடுதிகள் உண்டு. மாந்தோப்பைப் பார்க்க வருகிறவனுக்குத் தோப்பில் ஒரு கட்டில் இல்லை.

இத்தாலியின் அழகு ஆதிகாலந்தொட்டு அப்படியே இருந்துவந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அது சரியன்று. டஸ்கனியின் நிலங்களை நூற்றாண்டுக் கணக்காக உழுதவர்கள் விளைச்சலில் பாதியை நிலப்பிரபுவுக்கு அளந்த வாரக் குடிகள். இரண்டாம் மகாயுத்தத்துக்குப் பிறகு அவர்கள் தொழிற்சாலைகளைத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். புதிதாக வாரத்துக்கு விடுவதை 1964இல் சட்டமே நிறுத்திவிட்டது. குன்றுகளின்மேல் கல்வீடுகள் ஆளில்லாமல் பூட்டிக்கிடந்தன. பின்பு 1985இல் ஒரு சட்டம் இயற்றி, விவசாயி தன் பண்ணையில் விருந்தினரைத் தங்கவைத்துத் தன் விளைபொருளைப் பரிமாறிக் கூலி பெறலாம் என்று வழிசெய்தார்கள். 1997இல் கியாந்திப் பகுதியின் கையோலே கிராமத்தில், தார் போடாத வெண்புழுதிப் பாதைகளைக் காப்பாற்றவேண்டும் என்ற நோக்கத்தோடு, 1987க்கு முற்பட்ட பழைய சைக்கிள்களில் மட்டுமே ஓட்டும் ஒரு திருவிழாவைத் தொடங்கினார்கள்; வழியில் நிறுத்தி ரொட்டிக் கூழும் மதுவும் கொடுக்கிறார்கள். என் ஹெர்குலிஸ் அங்கே ராஜ மரியாதையோடு வரவேற்கப்படும். எங்கள் வீட்டுப் படத்திலுள்ள தம்பதி நின்றிருப்பது அப்படிப்பட்ட ஒரு பாதையில்தான்; ஒரு காலத்தில் குடியானவன் கைவிட்டுப் போன பாதை அது.

ஸ்ரீ சிட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களும் அந்தக் கட்டத்தில்தான் இருக்கின்றன. மரமேறியின் மகன் ரயில் பெட்டிக்குத் திருகாணி முடுக்குகிறான். அதை வேண்டாம் என்று சொல்ல நான் யார்? நாற்பதடி உயரத்தில் ஒரு கையால் உயிரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பாளை சீவும் பிழைப்பைத் தன் பிள்ளைக்கு எந்தத் தகப்பனும் விரும்பமாட்டான். ஆனால் சனி ஞாயிறுகளில், அந்தப் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் வந்து உட்கார்ந்து, பட்டையில் பதநீரும் கள்ளும் அருந்தி, ஏரி மீன் குழம்பும் சோறும் உண்டு, கயிற்றுக் கட்டிலில் படுத்து, காலையில் பூநாரை பார்த்துவிட்டுக் கைநிறையக் கொடுத்துப் போவார்களானால், ஒரு மரம் ஏறிய கூலிக்கு மேல் பத்து மரத்தின் கூலி அவருக்குக் கிடைக்கும். பானம் வெளியே போகாத ஊருக்கு விருந்தாளி உள்ளே வந்தாக வேண்டும். வருகிறவனுக்குத் திண்ணை வேண்டும். சத்திரங்களும் சாவடிகளும் கட்டிய தேசத்துக்கு இதை இத்தாலியிலிருந்து இறக்குமதி செய்யவேண்டிய அவசியம் இல்லை.

இருட்டுவதற்குள் போய்விடவேண்டும் என்று விரைந்து மிதித்து, இருட்டியபின் வீடு வந்து சேர்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரருக்கென்று கொண்டுவந்த பாட்டில் நினைவுக்கு வந்தது. இறுக்காத மூடியைத் திறந்ததும் கூடம் முழுவதும் காடி நெடி. பெரியவர் சொன்னது பலித்துவிட்டது என்று நான் அதைக் கொட்டப் போனேன். "கொடுங்க இப்படி" என்று பிடுங்கிக்கொண்டு, அரைத்து வைத்த பச்சரிசி மாவில் ஒரு கரண்டி ஊற்றிக் கலந்து மூடிவைத்தாள் அவள்.

திங்கட்கிழமை காலை, நடுவில் பஞ்சுபோல் உப்பி, ஓரத்தில் சரிகைபோல் முறுகிய ஆப்பம் நாலு பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. சிறிது நேரத்தில் அந்த வீட்டு மனிதர், அலுவலகத்துக்குக் கிளம்பிய கோலத்தில், காலித் தட்டோடு வாசலில் நின்றார்.

"மாவுல என்ன போட்டீங்கம்மா? எந்தக் கடையில கிடைக்கும்?"

"கடையில கிடைக்காதுங்க" என்றாள் என் மனைவி. "சனிக்கிழமை விடியக்காலைல அஞ்சு மணிக்குக் கிளம்புறோம். உங்க வீட்ல சைக்கிள் இருக்கா?"